பந்துக்கு முன் உடம்பு

2024 வைகாசியில் ஒரு பின்னேரம் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கோழிக்கூடு போடுவதற்கான சிறு உதவித்தொகை பற்றிக் கதைப்பதுதான் நோக்கம். அந்த வீட்டு அக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009இல் மாத்தளனில் ஷெல் பட்டு இழந்தது. கணவர் இப்போது அவர்களோடு இல்லை. பதின்மூன்று வயது மகளும் அவரும்தான்.

கூட்டின் நீள அகலத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் பாடசாலையால் வந்தாள். ஐந்தரை மணி இருக்கும். சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு வலது காலை இழுத்து இழுத்து நடந்து உள்ளே போனாள்.

"பாருங்கோ தங்கச்சி, இந்த வீட்டிலை ஒராள் நொண்டினால் காணாதே? கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறாள். வலைப்பந்து ரீமிலை இருந்து எடுத்துப்போடுவினம் எண்ட பயம்" என்றார் அக்கா.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டுக் காலைப் பார்த்தேன். முழங்காற் சிரட்டைக்குக் கீழே எலும்பில் ஒரு சின்ன மேடு. தொட்டால் முகத்தைச் சுளித்தாள். எப்படிப் பயிற்சி நடக்கிறது என்று கேட்டேன். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு இரண்டு மணித்தியாலம், ஞாயிறு காலை மூன்று மணித்தியாலம். ஆகப் பதினைந்து. அந்தப் பதினைந்தும் பந்துதான். எறிதல், பிடித்தல், கோல் போடுதல், பிறகு இரண்டு அணியாகப் பிரிந்து விளையாடுதல்.

"வேறை ஒண்டும் செய்யிறேல்லையோ? ஓட்டம், உடற்பயிற்சி?"

"கிறவுண்டைச் சுத்தி ரெண்டு ரவுண்ட் ஓடுவம் மிஸ். நேரம் போனால் அதுவும் இல்லை."

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த முழங்கால்தான் காரணம். நான் உடற்கல்வி படித்தவள் அல்ல, சமூகவியல் படித்தவள். ஆனால் அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு வைத்தியசாலையில் இயன்மருத்துவம் செய்யும் ஒருவரிடமும் அனுபவமுள்ள உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடமும் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை, விளையாடுகின்ற பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு வகைப் பயிற்சி

விளையாட்டுப் பிள்ளைக்குத் தேவையான பயிற்சியை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று, பொதுவான உடற்பயிற்சி. ஓட, பாய, எறிய, தொங்க, குந்தி எழும்ப, ஒற்றைக் காலில் நிற்க, விழாமல் திரும்ப, நீண்ட நேரம் களைக்காமல் இயங்க உடம்பைப் பழக்குவது. அது எந்த விளையாட்டுக்கும் சொந்தமானதல்ல. மற்றையது, குறித்த விளையாட்டுக்கான பயிற்சி. வலைப்பந்தில் கோல் போடுவது, ஈட்டியைப் பிடிக்கும் விதம், தடை தாண்டலில் எத்தனை அடி வைத்துப் பாய்வது போன்றவை. சோவியத் ஒன்றியத்தின் விளையாட்டு அறிஞர் லெவ் மத்வேயெவ் 1960களில் பயிற்சியாண்டைக் காலப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டியபோது, ஆண்டின் தொடக்கத்தில் பொதுப் பயிற்சியை மிகுதியாகவும் போட்டி நெருங்க நெருங்கக் குறித்த விளையாட்டின் பயிற்சியை மிகுதியாகவும் வைத்தார். பின்வந்த பலர் அதைத் திருத்தியும் மறுத்தும் இருக்கிறார்கள். ஆனால் முன்னையது இல்லாமல் பின்னையது நிலைக்காது என்பதில் பெரிய சண்டை இல்லை.

எங்கள் பாடசாலைகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடப்படும். அதுவரை வகுப்பில் இருந்த பிள்ளையை இழுத்துவந்து "நீ கால் நீளம், நீளம் பாய்" என்பார்கள். வென்றால் வலய மட்டம், பிறகு மாகாண மட்டம். ஒவ்வொரு படியிலும் அந்த ஒரு நிகழ்ச்சிதான் திரும்பத் திரும்பப் பழக்கப்படும். தரம் 6 முதல் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் என்றொரு பாடம் எல்லோருக்கும் உண்டு. அதன் செயல்முறைப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கடன் கேட்டு வாங்கிப் போவதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். திருப்பிக் கொடுத்ததைக் கண்டவர் உண்டா தெரியாது.

நானும் அப்படி ஓடியவள்தான். 2002இல் சமாதான காலம் வந்து பாதைகள் திறந்த வருடம் எனக்குப் பதினான்கு வயது. அதற்கு முந்திய ஆண்டுகளில் நாங்கள் ஓடியதெல்லாம் பங்கருக்குள். பாடசாலையில் 100 மீற்றரில் முதலாவதாக வந்தேன். பத்து நாள் விடாமல் தொடக்கமும் முடிவுமாக 100 மீற்றர் மட்டும் ஓடவிட்டார்கள். வலயப் போட்டியில் அறுபதாவது மீற்றரில் பின் தொடையில் யாரோ கல்லால் எறிந்ததுபோல இருந்தது. தசைநார் கிழிந்திருந்தது. அதன்பிறகு நான் ஓடவில்லை. "பெம்பிளைப் பிள்ளைக்கு இது போதும்" என்று வீட்டில் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் இன்றைக்கும் எனக்குக் கோபம் தருகிறது.

வளரும் முழங்கால்

பெண்பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் ஏறக்குறைய பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டி வரும். எலும்பு நீளும். அதை இழுத்துப் பிடிக்கும் தசையும் நாரும் அந்த வேகத்துக்கு உடனே ஈடுகொடுப்பதில்லை. முன் தொடைத் தசையின் நார் முழங்காற் சிரட்டையைக் கடந்து வந்து கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியில் பொருந்துகிறது. அந்த இடம் வளரும் வயதில் இன்னும் முழு எலும்பாகாத குருத்தெலும்பு. பாய்தல், குதித்தல், சடாரென நிற்றல் எல்லாம் அந்த நாரை இழுக்கும். ஒரே இழுப்பு நாள்தோறும் நூறு தரம் நடந்தால் அந்த இடம் வீங்கி நோகும். வைத்தியர்கள் இதை ஒஸ்குட் ஷ்லாட்டர் என்கிறார்கள். பயப்படும் நோயல்ல. சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் மாறிவிடும். குறைக்காவிட்டால் மாதக்கணக்கில் இழுபடும்.

வலைப்பந்தை நினைத்துப் பாருங்கள். பந்தைப் பிடித்தவள் அதோடு ஓடமுடியாது. பாய்ந்து பிடித்து, இறங்கிய இடத்தில் நின்று, மூன்று செக்கனுக்குள் எறிய வேண்டும். அப்படியானால் ஓடிவந்த முழு வேகத்தையும் ஒரு முழங்கால் தாங்கி நிறுத்துகிறது. ஒரு விளையாட்டில் இது எத்தனை தரம் நடக்கும்? நிற்பதற்கான வலு தொடையிலும் இடுப்பிலும் இல்லாத பிள்ளைக்கு முழங்கால் உள்ளுக்குச் சரியும். மூட்டின் உள்ளே குறுக்காக இருக்கும் முக்கியமான இணையம் அறுந்துபோவது இப்படியான இறங்குதலில்தான். பாய்ந்து திரும்பும் விளையாட்டுகளில் இந்தக் காயம் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மடங்குக்கும் அதிகமாக வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இடுப்பின் அமைப்பு, பருவமடையும்போது உடம்பின் நீளமும் பாரமும் கூடும் அளவுக்குத் தசைவலு கூடாமை, இறங்கும் முறை எனப் பல காரணம் சொல்வார்கள். இதில் எங்களால் மாற்றக்கூடியவை வலுவும் இறங்கும் முறையும்.

மாற்றமுடியுமா என்பதற்கு நோர்வேயில் நடந்த ஒரு சோதனை விடை தருகிறது. 2008இல் வெளிவந்தது. 125 உதைபந்தாட்டக் கழகங்கள், 13 முதல் 17 வயது வரையான 1892 பெண்பிள்ளைகள். ஒரு பகுதிக் கழகங்கள் பயிற்சிக்கு முன் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓர் ஒழுங்கான உடற்பயிற்சியைச் செய்தன. மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, குந்தி எழும்புதல், வயிற்றுக்கும் பின் தொடைக்கும் வலு, பாய்ந்து மெதுவாக இறங்கப் பழகுதல். மற்றப் பகுதியினர் வழமைபோல விளையாடினர். ஒரு பருவம் முடிந்தபோது இந்தப் பயிற்சியைச் செய்த பிள்ளைகளிடம் பாரதூரமான காயங்களும், ஒரே பகுதியை அளவுக்கு மிஞ்சிப் பாவிப்பதால் வரும் காயங்களும் மற்றவர்களின் அரைவாசி அளவிலேயே காணப்பட்டன. காசு செலவாகும் கருவி எதுவும் அதில் இல்லை. இருபது நிமிடமும் ஒரு பந்தும்தான்.

இன்னோர் எளிய அளவுகோல் அமெரிக்காவின் சிகாகோப் பகுதியில் 7 முதல் 18 வயது வரையான ஏறக்குறைய 1200 பிள்ளைகளைப் பார்த்த ஆய்விலிருந்து வந்தது. 2015இல் வெளியானது. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டில் ஈடுபடுகிறாளோ அந்த எண்ணிக்கை அவளுடைய வயதைத் தாண்டினால் கடுமையான காயங்களுக்கான வாய்ப்பு கூடுகிறது என்றார்கள். எங்கள் பிள்ளைக்கு வயது 13, பயிற்சி 15 மணித்தியாலம்.

கிளித்தட்டு எங்கே போனது?

"நாங்கள் எந்தப் பொதுப் பயிற்சி செய்தனாங்கள்? நல்லாத்தானே ஓடினனாங்கள்" என்று மூத்த தாய்மார் கேட்பதுண்டு. உண்மை. ஆனால் அவர்களுக்குக் கிளித்தட்டு இருந்தது. கோட்டுக்குக் கோடு பாய்ந்து, முன்னுக்கும் பின்னுக்கும் பக்கவாட்டிலும் திரும்பி, தொடுபடாமல் உடம்பை வளைத்து ஓடுகின்ற ஒரு விளையாட்டு. எட்டுக்கோட்டில் ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திச் சமநிலை பழகினார்கள். கயிறடித்தல் காலுக்கும் மூச்சுக்கும். மாமரம் ஏறித் தொங்கியது தோளுக்கும் பிடிக்கும். கிணற்றில் தண்ணீர் அள்ளியது முதுகுக்கு. இதற்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை, விசில் ஊதவில்லை. இன்று வல்லுநர்கள் படம் போட்டு விளக்குகின்ற பொதுப் பயிற்சியில் பாதி எங்கள் முற்றங்களில் நடந்தது.

போர் அந்த முற்றங்களை எடுத்துக்கொண்டது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில்களுக்குள் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009க்குப் பிறகும் மிதிவெடி அகற்றும் வரை பற்றைக்குள் கால் வைக்காதே என்றே பிள்ளைகளை வளர்த்தோம். அது சரியான பயம். இப்போது நிலம் துப்புரவான இடங்களிலும் அந்தப் பயம் போகவில்லை. வேறு பயங்களும் சேர்ந்திருக்கின்றன. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் தாய் வேலைக்குப் போனால் பிள்ளையை வெளியே விடமாட்டார். பாடசாலை, ரியூசன், வீடு. மிஞ்சிய நேரத்துக்குக் கைத்தொலைபேசி. இப்படி வளர்ந்த உடம்பை நேரே வலைப்பந்து மைதானத்தில் இறக்கிக் கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம் பாயவிட்டால் என்ன நடக்கும்? முன்னைய பிள்ளைக்குச் சரிவந்தது இந்தப் பிள்ளைக்குச் சரிவராததற்குக் காரணம் சோம்பல் அல்ல.

பெரியபிள்ளை ஆனதும் விளையாட்டை நிறுத்துகின்ற வழக்கத்தையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து "இடுப்பெலும்பு பலக்கட்டும்" என்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் எலும்பு உணவினால் மட்டும் பலப்படுவதில்லை, அதன்மேல் பாரம் விழ வேண்டும். கனடாவின் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தினர் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து 1999இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ந்த மனிதரின் எலும்பில் இருக்கும் கனியுப்பில் ஏறக்குறைய கால்வாசி, வேகமாக வளரும் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் சேர்வதாக அதில் கண்டார்கள். பெண்பிள்ளைகளில் அது பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டியது. களியைக் கொடுத்துவிட்டு அதே வயதில் பிள்ளையை மூலையில் இருத்துகிறோம்!

"பாரம் தூக்கினால் வளரமாட்டாள், கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்ற பேச்சும் உண்டு. முறையாகக் கற்றுக்கொடுத்த வலுப் பயிற்சியால் பிள்ளையின் வளர்ச்சி நிற்பதாகவோ கர்ப்பப்பைக்குக் கெடுதல் வருவதாகவோ சான்று இல்லை. இந்த வயதில் பெரும்பாலும் தன் உடம்பின் பாரத்தைத் தானே தூக்கப் பழகுவதுதான் பயிற்சி. குழாயடியிலிருந்து இருபது லீற்றர்க் கானை ஒரு பக்கம் சரிந்து தூக்கிவரும்போது அவளுடைய கர்ப்பப்பையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆசிரியையின் நியாயம்

அக்காவும் நானும் பாடசாலைக்குப் போனோம். வலைப்பந்துக்குப் பொறுப்பான ஆசிரியை உண்மையில் தமிழ்ப்பாடம் படிப்பிப்பவர். அங்கே உடற்கல்வி ஆசிரியர் இல்லை. இரண்டு நாள் செயலமர்வு ஒன்றுக்குப் போய்வந்ததும் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். சொந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பிஸ்கற் வாங்கிக் கொடுக்கும் மனுசி. குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாகாணப் போட்டிக்கு ஏழு கிழமைதான் இருக்கு. நான் குந்தலும் கெந்தலும் பழக்கிக்கொண்டிருந்தால் பந்தை எப்ப பிடிக்கிறது? மற்றப் பள்ளிக்கூடங்கள் பொழுதுபட லைற் போட்டுப் பழக்குதுகள். இந்தப் பிள்ளையளுக்கு ஒரு சேட்டிபிக்கற் கிடைச்சால் பெரிய காரியம் அம்மா" என்றார் அவர்.

இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பொதுப் பயிற்சியினால் மட்டும் ஒருத்தி வலைப்பந்து வீராங்கனை ஆகமாட்டாள். 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும் வளையத்துக்குள் பந்தைப் போடும் கைப்பழக்கம் ஆயிரக்கணக்கான எறிதலால்தான் வரும். சான்றிதழ் வெறும் கடுதாசி அல்ல. பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கென ஒரு சிறிய வழி இருக்கிறது. வேலை தேடும்போதும் உதவுகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஏணி. சில விளையாட்டுகளில் சிறு வயதிலேயே இறங்காமல் முடியாது என்பதும் உண்மை. ஜிம்னாஸ்ரிக்ஸ் அப்படியானது. ஆனால் அங்கேயும் பிள்ளைகளின் உடம்பு படும் பாட்டைக் கண்டு, பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டிகளில் பெண்களின் குறைந்த வயதை 1997இல் 16 ஆக உயர்த்தினார்கள்.

வலைப்பந்து, உதைபந்தாட்டம், கரப்பந்து, ஓட்டம், எறிதல் என எங்கள் பிள்ளைகள் விளையாடுபவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இவற்றில் பதினைந்து, பதினாறு வயது வரை பலதையும் விளையாடிய பிள்ளை பின்தங்கிப்போவதில்லை. அவுஸ்திரேலியாவின் எலிஸ் பெரி 2007இல் தன் பதினாறாவது வயதில் நாட்டுக்காகக் கிரிக்கெட்டும் ஆடினார், உதைபந்தாட்டமும் ஆடினார். பல ஆண்டுகள் இரண்டையும் விடவில்லை. எங்கள் பக்கத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகளை முறியடித்தவர். அந்த நிகழ்ச்சியைச் சற்று யோசியுங்கள். வேகமாக ஓட வேண்டும், கோலில் தொங்க வேண்டும், காலை மேலே தூக்கித் தலைகீழாக வேண்டும், காற்றில் உடம்பைத் திருப்ப வேண்டும். கோலை மட்டும் பழகி இதைச் செய்ய முடியுமா?

வலைப்பந்து என்றால் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்லாமல் விடமுடியாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 208 சென்ரிமீற்றர் உயரம். எல்லோரும் அந்த உயரத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 2009இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் இருந்தார். 2018இல் வென்ற அணியிலும் இருந்தார். 2022இல் மீண்டும் வென்றபோதும் இருந்தார். அப்போது அவருக்கு 43 வயது. அத்தனை ஆண்டுகள் பாய்ந்து இறங்கிய முழங்கால்கள் அவை. பதின்மூன்று வயதில் தேய்ந்துபோகும் முழங்காலோடு நாங்கள் யாரை அந்த இடத்துக்கு அனுப்பப் போகிறோம்?

நான் இவற்றையெல்லாம் ஆசிரியைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். படித்தவள் என்ற எண்ணம் எனக்கும் இருந்திருக்கும். அவர் தலையாட்டினாரே தவிர மனம் அசையவில்லை. அப்போதுதான் அதுவரை பேசாமல் இருந்த அக்கா தன் பாவாடையைக் கணுக்கால் வரை உயர்த்திப் பொய்க்காலைக் காட்டினார்.

"ரீச்சர், இந்தக் காலைத் தாறதுக்கு முன்னம் மாசக்கணக்கா எனக்குக் கால் தரேல்லை. வயித்துக்குப் பயிற்சி, இடுப்புக்குப் பயிற்சி, கைக்கு, மற்றக் காலுக்கு. நாள் முழுக்க அதுதான். எப்ப கால் தருவியள் எண்டு கேட்டு அழுதனான். அங்கை இருந்த பிள்ளை சொல்லும், கால் நடக்காது அக்கா, நீங்கள்தான் நடக்கவேணும், முதல் நீங்கள் பலக்கவேணும் எண்டு. எனக்குப் பக்கத்துக் கட்டிலிலை இருந்தவ அவசரப்பட்டுக் கெதியாப் போட்டவ. அவ இண்டைக்கும் அதைக் கழட்டி மூலையிலை வைச்சுக்கொண்டு தடியோடைதான் திரியிறா."

ஆசிரியை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இருவது நிமிசம் எண்டால் ஒதுக்கலாம். என்ன செய்யிறதெண்டு ஆராவது காட்டித் தரவேணும்" என்றார். காட்டிக் கொடுக்க இயன்மருத்துவர் ஒரு சனிக்கிழமை வந்தார்.

தாய்மார் என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்

பயிற்சி தருபவரிடம் கேட்பது அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். கிழமைக்கு மொத்தம் எத்தனை மணித்தியாலம்? அதில் பந்தில்லாமல், அல்லது அந்த நிகழ்ச்சி இல்லாமல், உடம்புக்கென்று எவ்வளவு? முழு ஓய்வு நாள் ஒன்று இருக்கிறதா? ஒரு பிள்ளையை இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விளையாட்டுக்குப் பிடித்து, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பழக்குகிறாரா? கடைசிக் கேள்வி முக்கியமானது. பலதை விளையாடுவது நல்லது என்றேன். ஆனால் ஓடக்கூடிய பிள்ளை ஒருத்தி இருந்தால் அவளையே 200 மீற்றருக்கும் எல்லேக்கும் வலைப்பந்துக்கும் ஒரே மாதத்தில் இழுப்பதை நான் கண்டிருக்கிறேன். அது சுமைக்கு மேல் சுமை.

வயதுக்கணக்கை நான் விளங்கிக்கொண்ட விதம் இது. பன்னிரண்டுக்குள் எல்லா விளையாட்டும், ஓடிப்பிடித்தலும் உட்பட. பதின்மூன்று, பதினான்கில் பயிற்சி நேரத்தின் அரைவாசியாவது பொதுவானதாக இருக்கட்டும். பதினாறுக்குப் பிறகு குறித்த விளையாட்டு முன்னுக்கு வரலாம். அப்போதும் அந்த இருபது நிமிடத்தை விடக்கூடாது. விளையாட்டு வீராங்கனை ஆகாத பிள்ளைகளுக்கும் உடம்பு இருக்கிறது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக அறுபது நிமிடமாவது உடல் நன்றாக இயங்க வேண்டும் என்றும், கிழமையில் மூன்று நாளாவது தசையும் எலும்பும் பலப்படும் வேலை அதில் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது.

வீட்டில் பார்க்கக்கூடிய ஒரு சோதனை. பிள்ளையை ஒரு படியிலிருந்து கீழே பாய்ந்து இறங்கச் சொல்லுங்கள். முன்னால் நின்று முழங்காலைப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று முட்டுவதுபோல உள்ளுக்குச் சரிகிறதா? 'தொம்' என்று சத்தம் கேட்கிறதா? முழங்கால் மடிந்து, கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே முழங்காலும் பார்த்து, பூனைபோலச் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். இது பழகினால் வரும். ஒற்றைக் காலில் நின்று பல்விளக்கப் பழக்கலாம். கயிறடிக்கலாம். முழங்கையில் ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராகப் பிடிக்கலாம். முழங்கால் நோவோடு இருக்கும் பிள்ளைக்குப் பாய்ச்சலும் கயிறும் வேண்டாம், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். வீக்கம் இருந்தாலோ, இரவில் நோவால் எழும்பினாலோ, மூட்டு இறுகி மடிக்க முடியாவிட்டாலோ நாள் கடத்தக்கூடாது.

சாப்பாட்டையும் கவனியுங்கள். வெறும் பிளேன்ரீயோடு பாடசாலை போய், மத்தியானம் பாணும் சம்பலும் சாப்பிட்டு, பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பாய்கிறாள். மாதவிலக்கு வரும் வயதில் இரும்புச்சத்துக் குறைந்து களைப்பதை ஆசிரியர்கள் சோம்பல் என்று ஏசுகிறார்கள். அவித்த கௌப்பி, கடலை, ஒரு முட்டை, நெத்தலி, முருங்கையிலை வறை போன்றவை எங்கள் ஊரில் கிடைப்பவைதான். கடுமையாகப் பழகும் பிள்ளைக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வராவிட்டால் "நல்லதாப் போச்சு, கரைச்சல் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம், எலும்பையும் பாதிக்கும். தாதியிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள்.

புதுக்குடியிருப்புப் பிள்ளையை வைத்தியர் பார்த்தார். ஆறு கிழமைக்குப் பாய்ச்சல் வேண்டாம் என்றார். அதனால் மாகாணப் போட்டி போயிற்று. அணி இரண்டாவது சுற்றில் தோற்றது. இவள் வாங்கிலிருந்து பார்த்தாள். அன்றிரவு முழுவதும் அழுததாக அக்கா சொன்னார். "நான் செய்தது சரியோ தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார். சரி என்றேன். ஆனால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அந்தச் சான்றிதழை என்னால் எடுத்துக் கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐப்பசியில் கோழிக்கூடு பார்க்கப் போனேன். கூடு முடிந்து பன்னிரண்டு குஞ்சுகள் நின்றன. முற்றத்தில் கரியால் எட்டுக்கோடு கீறியிருந்தது. திண்ணைப் படியிலிருந்து மகள் பாய்ந்துகொண்டிருந்தாள். அக்கா கூட்டுக்குப் பக்கத்தில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தவிடு குழைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டது" என்றார், திரும்பிப் பாராமலே. "ஏறிப் பாய்."

பிள்ளை திரும்ப ஏறினாள்.